தூண்டிலும் குறிப்பேடும்

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருக் குழாயில் வருவது காவிரித் தண்ணீர். மாண்டியா மாவட்டம் மளவள்ளி வட்டத்திலுள்ள தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் குழாய் வழியே, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு மோட்டார்களால் ஏற்றப்பட்டு வருகிறது. முதல் கட்டம் 1974-ல் வந்தது. ஐந்தாம் கட்டத்தை 2024 அக்டோபரில் திறந்தார்கள். அந்த ஒரு கட்டம் மட்டும் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். சிவசமுத்திரத்தில் இந்தத் தண்ணீரை எடுக்கும் இடத்துக்குக் கீழே, பாறையும் மடுவுமாக ஆறு மேகேதாட்டுவை நோக்கி இறங்குகிறது. உலகத்தில் காவிரியையும் அதன் கிளையாறுகளையும் தவிர வேறு எங்கும் இல்லாத ஒரு மீன் அந்த மடுக்களில் வாழ்ந்தது. முதுகில் திமில், உடம்பில் பொன்னிறம், வளர்ந்தால் ஓர் ஆளின் எடை. திமில் மகசீர் என்கிறோம்.

நான் ஃப்ளை தூண்டில்காரன். மண்புழுவோ ராகி உருண்டையோ இல்லாமல், இறகும் நூலும் சுற்றிச் செய்த பூச்சியைத் தண்ணீரில் விட்டு மீன் பிடிப்பவன். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விடுபவன். இந்தக் கலையையும் காவிரியையும் சேர்த்துச் சில விஷயங்களை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் கலை. அல்சூர் ஏரிக்கரையில் பையன்கள் தங்கூஸில் தக்கை கட்டி வீசுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அங்கே ஈயக்குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளையில் முள்ளுக்கு எடையே கிடையாது. காற்றில் ஊதினால் பறந்துவிடும். அதனால் எடையை நூலுக்குள் வைத்திருக்கிறார்கள். பருமனான, வழவழப்பான அந்த நூலைக் கோலால் பின்னால் வீசி, அது முழுதாக நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். பொறுக்கும் அந்த அரை நொடிதான் கற்றுக்கொள்ளக் கடினமானது. பின்னால் நூல் நீண்டு முடிந்ததும் கோலின் நுனி லேசாகக் கனக்கும். அந்தக் கனம் கைக்குத் தெரிந்துவிட்டால் வீச்சு வந்துவிட்டது என்று பொருள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில், முள் இல்லாமல் ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டிப் பழகினேன். இன்றைக்கும் ஆற்றுக்குப் போக முடியாத வாரங்களில் மாலையில் மாடிக்குப் போய்விடுகிறேன்.

வீசுவது பாதிதான். பூச்சி தண்ணீரில் விழுந்த பிறகு, ஓட்டம் நூலின் நடுப்பகுதியை வேகமாக இழுக்கும். நூல் வில்லாக வளையும். பூச்சி இயல்புக்கு மாறாக இழுபடும். மீன் அதைப் பார்த்ததும் விலகிப் போகும். அதற்குள் கோலைத் தூக்கி, நூலின் வளைவை மேல்நீர்ப் பக்கம் திருப்பிப் போட வேண்டும். இதற்கு எங்கே வேகம், எங்கே தேக்கம், எந்தப் பாறைக்குப் பின்னால் நீர் சுழன்று எதிராகத் திரும்புகிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும். கரையில் பேசாமல் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி. தண்ணீரைப் படிக்கத் தெரியாமல் எவ்வளவு அழகாக வீசினாலும் பயனில்லை.

பூச்சி கட்டுவது வீட்டு வேலை. முள்ளைச் சிறு இடுக்கியில் பொருத்தி, நூல் சுற்றி, இறகு வைத்து, மீண்டும் சுற்றி முடிச்சிட வேண்டும். நீரில் மிதக்கும் பூச்சிக்குச் சேவலின் கழுத்து இறகு தேவை. அதுவும் வயதான நாட்டுச் சேவலின் இறகு. அதன் இழைகள் விறைப்பாக இருப்பதால் நீர்ப்பரப்பில் கால் ஊன்றி நிற்கும். பிராய்லர் இறகு துவண்டு மூழ்கிவிடும். மூழ்க வேண்டிய பூச்சிக்குப் பெட்டையின் மென்மையான இறகு நல்லது. எங்கள் மார்க்கெட்டில் கோழிக்கடை பாயிடம் முதன்முதலில் கழுத்துத் தோல் கேட்டபோது, "கறி வேணாம், கழுத்து மட்டும் போதுமா தம்பி?" என்று இரண்டு முறை கேட்டார். இப்போது செம்பு நிறச் சேவல் வந்தால் அவரே தனியாக எடுத்து வைக்கிறார். நான் அதை உப்பும் படிகாரமும் தடவிக் காய வைத்துக்கொள்கிறேன்.

இங்கிலாந்தின் பழைய சால்மன் பூச்சிகளில் கன்னத்தில் ஒரு பளபளப்பான மஞ்சள் புள்ளி இருக்கும். அது நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுச்சேவலின் கழுத்து இறகு. மெழுகு பூசினாற்போன்ற அந்தப் புள்ளிக்காக நீலகிரி, குடகுக் காடுகளிலிருந்து கழுத்துத் தோல்கள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறின. பிறகு இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது; 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அந்தப் பறவையைக் காக்கிறது. என் பெட்டியில் அந்த இறகு கிடையாது. காட்டுச்சேவலைக் கொன்று கட்டிய பூச்சியால் ஆற்றைக் காக்கிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

இந்தக் கலை செழித்தது தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புக்கல் ஆறுகளில். ஹாம்ப்ஷயரின் டெஸ்ட், இட்சன் ஆகியவை பேர்போனவை. அங்கே மழை நேராக ஆற்றுக்குள் ஓடுவதில்லை. வெண்சுண்ணாம்பு மலைக்குள் ஊறி, மாதக் கணக்கில் வடிகட்டப்பட்டு ஊற்றாக வெளியே வருகிறது. அதனால் ஆண்டு முழுவதும் கண்ணாடி போல் தெளிவு. கோடையிலும் குளிர்காலத்திலும் ஊற்று நீரின் வெப்பம் ஏறக்குறைய 10, 11 டிகிரி. உலகிலுள்ள இத்தகைய ஆறுகளில் பெரும்பங்கு இங்கிலாந்தில்தான் இருக்கிறது. தெளிந்த நீரில் மீன் எந்தப் பூச்சியைத் தின்கிறது என்று கண்ணால் பார்க்க முடியும். அதே பூச்சியைக் கட்டிக் காட்டினால்தான் வாய் திறக்கும். ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்ட் 1886-ல் மிதக்கும் பூச்சிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். மேற்பரப்பில் மட்டும்தான் வீச வேண்டும் என்று அவர் வழிவந்தவர்கள் பிடிவாதம் பிடித்தபோது, ஜி.ஈ.எம். ஸ்கூஸ் 1910-ல் வெளிவந்த தம் நூலில் அதை மறுத்தார். மீன் பெரும்பாலும் தின்பது நீருக்குள் இருக்கும் இளம்பூச்சியை என்றால் அதையும் கட்டலாம் என்பது அவர் கட்சி. நான் ஸ்கூஸ் பக்கம். நம் ஆறுகளில் நீருக்கு மேலே நடப்பதைவிடக் கல்லுக்கு அடியில் நடப்பதுதான் அதிகம்.

அந்த ஆறுகளுக்கும் இன்று சுகமில்லை. ஊர்களின் குடிநீருக்காக நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் ஊற்றுகள் வற்றுகின்றன. கழிவுநீரும் வயல் உரமும் கலக்கின்றன. ஆனால் அங்கே தூண்டில்காரர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர் 1948-ல் தூண்டில்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். ஆற்றைக் கெடுப்பவர்களை நீதிமன்றத்துக்கு இழுப்பதே அதன் வேலை. டெர்பி நகரத்துத் தூண்டில் கழகம் ஒன்று ஒரு துணி இழைத் தொழிற்சாலையையும், நகராட்சியையும், மின்சார ஆணையத்தையும் எதிர்த்து வழக்காடி 1950-களின் தொடக்கத்தில் தடையாணையே வாங்கியது. சாக்கடையை ஆற்றில் விட்ட நகராட்சியை மீன்பிடிக் கழகம் தோற்கடித்த அந்த வழக்கைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

2007-ல் அங்கே இன்னொன்று தொடங்கினார்கள். தூண்டில்காரர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்து, ஒவ்வொருவருக்கும் ஆற்றில் ஓர் இடத்தை ஒதுக்கிவிடுவார்கள். அவர் மாதம் ஒருமுறை அங்கே போய், கைவலையைக் கீழ்நீரில் பிடித்துக்கொண்டு, மூன்று நிமிடம் காலால் கற்களைக் கிளறி, வலையில் வந்த பூச்சிகளை வெள்ளைத் தட்டில் கொட்டி, எட்டு வகைகளாகப் பிரித்து எண்ணி எழுதுவார். எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே போனால் உடனே அரசின் சுற்றுச்சூழல் அமைப்புக்குத் தகவல் போகும். வேதியியல் சோதனை அந்த நொடியின் தண்ணீரைச் சொல்லும். இரவில் யாரோ ஒரு தொட்டியைத் திறந்துவிட்டு மூடியிருந்தால் காலையில் எடுத்த மாதிரியில் ஒன்றும் தெரியாது. பூச்சி அங்கேயே மாதக் கணக்கில் வாழ்வது. அது செத்துப்போயிருந்தால் மறைக்க முடியாது.

இந்த முறையை நான் குடகிலும் செய்து பார்க்கிறேன். காவிரியின் மேல்பகுதியில், குஷால்நகருக்கு அருகே வால்னூரில், குடகு வனவிலங்குச் சங்கம் பார்த்துக்கொள்ளும் ஆற்றுப்பகுதி இருக்கிறது. அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பிடித்த மீனை விட்டுவிட வேண்டும். மழைக்காலம் முடிந்து நீர் தெளிந்த பிறகு அங்கே முழங்காலளவு ஓட்டத்தில் நின்று ஒரு கல்லைப் புரட்டினால் போதும். தட்டையான உடம்போடு கல்லில் ஒட்டி நண்டு போல் பக்கவாட்டில் நகரும் மேஃப்ளை இளம்பூச்சி. மணலை ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் வாழும் கேடிஸ் புழு. வாலில் இரண்டு இழைகளோடு கல் பூச்சி. கல் பூச்சி இருந்தால் அந்த நீரில் பிராணவாயு நிறைந்திருக்கிறது என்று நம்பலாம். நீர் கெடத் தொடங்கும்போது முதலில் போவது அதுதான். அல்சூர் ஏரியின் சேற்றை அள்ளிப் பார்த்தால் செந்நிறப் புழுக்கள் நெளியும். பிராணவாயு குறைந்த சேற்றிலும் பிழைக்க அதன் இரத்தச் சிவப்பு உதவுகிறது. எந்தக் கல்லில் எந்தப் பூச்சி என்று பார்த்துத்தான் என்ன கட்டுவது என்று நான் முடிவு செய்கிறேன். மீன் பிடிக்கவும் ஆற்றின் நாடி பார்க்கவும் ஒரே வேலை போதுமாக இருப்பது இந்தக் கலையில் எனக்கு மிகப் பிடித்த விஷயம்.

நம் ஆறுகள் ஹாம்ப்ஷயர் ஆறுகளைப் போல் ஒரே சீராக இருப்பவை அல்ல. ஆடியில் செம்மண் கலந்து கரைபுரளும். பங்குனியில் பாறைக்கு நடுவே சுருங்கும். ஆகவே பூச்சிகளையும் இந்த ஊருக்கு ஏற்பக் கட்ட வேண்டும். கோடையின் முதல் மழைக்குப் பிறகு புற்றிலிருந்து ஈசல் கிளம்பி ஆற்றில் விழும் மாலை ஒன்று வரும். கறுத்த உடம்பும் நீண்ட வெள்ளைச் சிறகுமாகக் கட்டிய ஈசலை அன்றைக்கு வீச வேண்டும். நீர் முழுவதும் வாய்கள் திறக்கும். அத்திமரம் சாய்ந்து நிற்கும் மடுவில் பழம் விழும் சத்தத்துக்கே மீன் காத்திருக்கும். கைவினைக் கடையில் விற்கும் நுரைத் தாளை உருண்டையாக வெட்டி, செம்பழுப்பு நிறம் பூசி, கிளைக்கு நேர் கீழே 'தொப்' என்று விழும்படி போடுவேன். கர்நாட்டிக் கெண்டை என்று நூல்களில் சொல்லும் மீன் அதற்கு மயங்கும். இந்தப் பூச்சியை மட்டும் மெதுவாக இறக்கக் கூடாது. விழும் சத்தமே இரை.

மகசீர் வேறு ரகம். அதன் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள் இருக்கிறது. அந்தப் பல்லால் நத்தை ஓட்டையும் நண்டையும் நொறுக்குகிறது. மெல்லிய முள்ளையும் நசுக்கிவிடும். பூச்சியை எடுத்த அடுத்த கணம் திரும்பி, பாறைகளுக்கு நடுவே கீழ்நீரை நோக்கி ஓடும். ரீலில் இருக்கும் நூலெல்லாம் போய்விடும். அப்போது மெல்லிய நரம்பு போட்டு நெடுநேரம் விளையாட்டுக் காட்டுவது வீரமென்று சிலர் எண்ணுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெயிலில் சூடான நீரில் பிராணவாயு குறைவு. களைத்துப்போன மீனை விட்டாலும் அது பிழைப்பது சந்தேகம். கனமான நரம்பு போடு, சீக்கிரம் கரை சேர், எதிர்முள் இல்லாத முள்ளைப் பயன்படுத்து, கையை நனைத்துக்கொண்டு தொடு, தண்ணீரை விட்டுத் தூக்காதே. என்னோடு வரும் இளைஞர்களிடம் கோலைக் கொடுப்பதற்கு முன்னால் இவ்வளவையும் சொல்லிவிடுகிறேன். பழைய காலத்தில் மீனின் வாயில் கயிறு கோத்து நீரில் நிறுத்திவைத்து, எல்லோரும் வந்த பிறகு படம் எடுக்கும் வழக்கம் இருந்தது. அது ஒழிந்தது நல்லதே.

இனி திமில் மகசீரின் கதை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டில் பற்றிய தம் நூலை வெளியிட்டதிலிருந்து தென்னிந்திய மகசீர் உலகத் தூண்டில்காரர்களின் கனவாயிற்று. 1946-ல் கபினியில் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ மீன் ஒன்றைப் பிடித்தார். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த மீன் ஏறக்குறைய மறக்கப்பட்டது. ஆற்றில் வெடி போட்டுப் பிடித்தார்கள். 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடை செய்திருந்தும் யாரும் கேட்கவில்லை. ஒரு தோட்டா வெடித்தால் மடுவிலுள்ள குஞ்சு, பூச்சி, தாய் மீன் எல்லாமே சாகும். அதில் பாதி அடியில் மூழ்கி யாருக்கும் பயன்படாமல் போகும்.

1972-ல் பெங்களூரில் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் உருவாயிற்று. அதைத் தொடங்கியவர்களில் தூண்டில்காரர்கள் இருந்தார்கள். ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, காவலாள் போட்டு, வெடியை நிறுத்தினார்கள். 1977-78-ல் மூன்று பிரிட்டிஷ் இளைஞர்கள் பெரிய மகசீரைத் தேடிக் காவிரிக்கு வந்தார்கள். அந்த மீன் இன்னும் இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது. பிறகு பீமேஸ்வரி, தொட்டமகளி, கலிபோர் ஆகிய இடங்களில் முகாம்கள் வந்தன. வெடி போட்டவர்களில் சிலரே வழிகாட்டிகளாகவும் பரிசல்காரர்களாகவும் மாறினார்கள். மீன் உயிரோடு இருந்தால்தான் கூலி என்று ஆனபின், இரவில் வெடிச் சத்தம் கேட்டால் முதலில் ஓடியவர்கள் அவர்கள்தான். இதை நான் பெரிய சாதனையாகவே கருதுகிறேன்.

ஆனால் அதே அக்கறையில் ஒரு கேடும் வளர்ந்தது. லோனாவாலாவில் டாடா மின் நிறுவனம் மகசீர் குஞ்சுப் பண்ணை நடத்திவந்தது. சி.வி. குல்கர்னி, எஸ்.என். ஓகலே ஆகியோர் செயற்கை முறையில் மகசீர் குஞ்சு பொரிக்கும் வழியைக் கண்டவர்கள். அது உண்மையாகவே பெரிய வேலை. அங்கே வளர்ந்தது நீலத்துடுப்பு மகசீர், காவிரிக்கு உரியதல்லாத இனம். மகசீரெல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணத்தில் 1970-களின் பிற்பாதியிலிருந்து அந்தக் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். விட்டவர்கள் அனைவரும் ஆற்றின் மேல் அன்பு கொண்டவர்கள். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை.

என்ன நடந்தது என்று தெரியவந்ததற்கு ஒரே காரணம், கலிபோர் முகாமில் ஒரு குறிப்பேடு இருந்தது. யார், எந்த நாள், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மீன், எவ்வளவு எடை என்று எழுதிவைத்திருந்தார்கள். ஆட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகிய ஆய்வாளர்கள் 1998 முதல் 2012 வரையிலான அந்தப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 23,620 மணி நேரத் தூண்டில் உழைப்பு; பிடித்து விடப்பட்டவை 6,161 மகசீர்; மிகப் பெரியது 46.8 கிலோ. மொத்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. மேலோட்டமாகப் பார்த்தால் வெற்றி. ஆனால் ஏறியதெல்லாம் நீலத்துடுப்பு. 1993-க்கு முந்தைய பிடிபதிவுகளில் அது இல்லவே இல்லை. திமில் மகசீரின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. அதன் சராசரி எடையோ கூடிக்கொண்டே போனது. அதாவது முதிர்ந்த மீன்கள் மட்டும் மிஞ்சின. குட்டிகள் வரவில்லை. தூண்டிலில் பெரிய மீன் வருகிறது என்று மகிழ்ந்திருந்த அதே ஆண்டுகளில் அந்த இனம் அடுத்த தலைமுறை இல்லாமல் கிழடாகிக்கொண்டிருந்தது. 2015-ல் இந்த முடிவுகள் வெளியாயின.

அப்போது அந்த மீனுக்கு அறிவியல் பெயர்கூட உறுதியாகவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளாக உலகம் புகழ்ந்த மீன், ஆவணத்தில் பெயரற்றது. பெயர் இல்லாததைச் சட்டம் காக்க முடியாது. பிறகு மோயாற்றில் சில மீன்கள் கிடைத்தன. முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே ஆழ்ந்த பள்ளத்தாக்கில் ஓடி பவானிசாகரில் சேரும் ஆறு அது. மரபணுவையும் உடற்கூறையும் ஒப்பிட்டபோது, 2007-ல் மதுசூதன குருப்பும் கே.வி. ராதாகிருஷ்ணனும் பாம்பாற்றில் கண்டு விவரித்த இனத்தோடு அது பொருந்தியது. மூணாறு மலையிலிருந்து சின்னார் வழியே இறங்கி அமராவதியில் கலப்பது பாம்பாறு. அமராவதி கரூருக்கு அருகே காவிரியில் கலக்கிறது. எல்லாம் ஒரே குடும்பம். டோர் ரேமாதேவியை என்று அந்த இனத்துக்குப் பெயர். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் மீனியல் அறிஞர் கே. ரேமா தேவியைச் சிறப்பித்து வைத்தது. 2018-ல் ஆய்வு வெளியானது. அதே ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக அருகிவரும் இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. நீலத்துடுப்பு மகசீரோ அப்போதே கவலை குறைந்த இனமாக மறுவகைப்படுத்தப்பட்டது.

இதற்கிடையே தூண்டிலும் நின்றது. காவிரி வனவிலங்குச் சரணாலயம் 1987-ல் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் மீன் பிடிப்பதும் வேட்டையே என்று சட்டத்துக்கு விளக்கம் சொல்லப்பட்டதால், பிடித்து விடும் தூண்டில்கூட 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முடிவுக்கு வந்தது. சட்டத்தின் நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். காட்டுக்குள் மனிதன் புகாமல் இருப்பது பெரும்பாலான விலங்குகளுக்கு நல்லது. ஆனால் ஆற்று மீனை யாரும் தொலைநோக்கியில் பார்த்து எண்ண முடியாது. யானையைக் கணக்கெடுக்கலாம், புலிக்குக் கேமரா வைக்கலாம். மீனை அறிய வலை போட வேண்டும், அல்லது தூண்டில் போட வேண்டும். கலிபோர் குறிப்பேடு நின்ற நாளிலிருந்து அந்த மடுக்களில் ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்க யாருமில்லை. அங்கே வேலை பார்த்த பரிசல்காரர் ஒருவர் என்னிடம் சொன்னது: "அண்ணா, எங்க கண்ணு இருந்தவரைக்கும் வெடிக்காரன் பயந்தான்."

இவ்வளவுக்கும் மேலே அணைகள். 1930-களின் தொடக்கத்தில் கிருஷ்ணராஜசாகர், 1934-ல் மேட்டூர், 1955-ல் பவானிசாகர். மழைக்கு மேல்நோக்கி ஏறிக் கூழாங்கல் படுகையில் முட்டையிடும் மீனுக்கு ஒவ்வொன்றும் மூடிய கதவு. மேகேதாட்டுவில் 67.16 டி.எம்.சி. கொள்ளளவில் ஓர் அணையைக் கர்நாடகம் கட்ட விரும்புகிறது. அதைப் பற்றி இரு மாநிலங்களும் பங்கீட்டுக் கணக்கில் மட்டும் பேசுகின்றன. நான் தமிழன், பெங்களூர்க்காரன், இந்தத் தண்ணீரைக் குடிப்பவன். இரு பக்க நியாயமும் என் வீட்டு வாசலில் நிற்கிறது. ஆனாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: ஓடும் காவிரியில் எஞ்சியிருக்கும் மிக நல்ல மடுக்களை அந்த அணை தேங்கிய நீராக்கிவிடும், ஓடும் நீரில் வாழும் மகசீருக்கு அங்கே இடமிருக்காது.

குடித்த தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் மர்பி டவுன்காரர்கள் யோசிக்க வேண்டும். அது காவிரிக்குத் திரும்புவதில்லை. எங்கள் பக்கத்துச் சரிவு முழுவதும் அல்சூரிலிருந்து பெல்லந்தூருக்கு இறங்குகிறது. பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கியதையும், 2018 ஜனவரியில் ஏரிக்கரை தீப்பிடித்து ராணுவத்தினர் அணைத்ததையும் நாடே பார்த்தது. அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. பெல்லந்தூரிலிருந்து வர்த்தூர், அங்கிருந்து தென்பெண்ணை, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடைசியில் கடலூர். கெலவரப்பள்ளி மதகில் நுரை பொங்குகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் அதில் எங்கள் தெருச் சோப்புத் தண்ணீரும் இருக்கிறது. ஓர் ஆற்றிலிருந்து எடுத்து இன்னோர் ஆற்றில் கொட்டும் ஊரில் வாழ்கிறோம்.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை. ஆற்றிலும் ஏரியிலும் மீன் குஞ்சு விடுவதைப் புண்ணியமாகவோ வளர்ச்சித் திட்டமாகவோ நினைத்துச் செய்பவர்கள், அது அந்த ஆற்றுக்கே உரிய இனம்தானா என்று மீனியலாளரிடம் கேட்டபிறகு செய்யுங்கள். வீட்டுத் தொட்டி மீனை அல்சூரில் கொண்டுபோய் விடாதீர்கள். இரு மாநில வனத்துறைகளும் பயிற்சி பெற்ற சில தூண்டில்காரர்களையும் பழைய பரிசல்காரர்களையும் ஆய்வாளர்களோடு சேர்த்து, குறிப்பிட்ட மடுக்களில், குறிப்பிட்ட மாதங்களில், எதிர்முள் இல்லாத தூண்டிலோடு கணக்கெடுக்க விட வேண்டும். அந்தக் குறிப்பேட்டைப் பொதுவில் வைக்க வேண்டும்.

மோயாறு, பவானி, அமராவதி, பாம்பாறு ஆகியவற்றின் கரையில் வாழும் வாசகர்களுக்குத் தனியாக ஒரு சொல். தலைக்குப் பின்னால் திமில் எழும்பிய பெரிய மகசீர் வலையிலோ தூண்டிலிலோ அகப்பட்டால், நீரை விட்டு எடுக்காமல் ஒரு படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். இடத்தையும் நாளையும் எழுதி, வனத்துறைக்கும் கொச்சியிலுள்ள கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கும் தெரிவியுங்கள். இந்த ஆற்றுக் குடும்பத்துக்கு வெளியே, உலகில் வேறெங்கும் அந்த மீன் கிடையாது.